பங்களா உருண்டை

சொக்லட்டும் பிராந்தியும் இளஞ்சூட்டில் ஒன்றாகக் கலக்கும்போது ஒரு வாசம் வரும். முதலில் இனிப்பாக மூக்கில் ஏறி, பிறகு தொண்டைக்குள் இறங்கி இலேசாகச் சுடும். மற்றவர்களுக்கு அது நத்தார், அதாவது கிறிஸ்மஸ், வாசமாக இருக்கலாம், விருந்து வாசமாக இருக்கலாம். எனக்கோ அது வந்தால் காதுமடல் சூடாகிவிடும். இந்த வயதிலும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்ப்பேன்.

ஹட்டனுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் இடையில் இருந்தது எங்கள் தோட்டம். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா, தோட்டத்து மனேஜர் குடியிருந்த பங்களாவில் ஒன்பது வருடம் சமையலுக்கு நின்றார். மனேஜரின் மனைவியை நாங்கள் "தொரசாணி" என்போம். கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பெண்மணி, கொஞ்சம் உடைந்த தமிழில் பேசுவார், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வருடா வருடம் டிசம்பர் பிறந்ததும் அவருடைய சமையலறையில் ஒரு பெரிய வேலை தொடங்கும். கறுத்த சொக்லட் கட்டிகளைச் சீவி உருக்கி, பாலாடை சேர்த்து, பிராந்தி ஊற்றி, ஆறவைத்து உருட்டி, கொக்கோத் தூளில் புரட்டி, சின்னச் சின்னக் கடுதாசிக் கிண்ணங்களில் வைத்து, பெட்டி பெட்டியாகக் கட்டுவார்கள். பக்கத்துத் தோட்டத்துத் துரைமாருக்கும் டாக்டருக்கும் கொழும்புச் சொந்தங்களுக்கும் அவை நத்தார் பரிசாகப் போகும். அதற்கு ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயர் உண்டு. தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், நாங்கள் வைத்த பெயர் "பங்களா உருண்டை".

பெயர் வைத்தோமே தவிர, ஒருநாளும் தின்றதில்லை. உருண்டை முழுவதையும் உருட்டுவது அம்மாவின் கைதான், ஆனால் ஒன்றைக்கூட அவர் முந்தானையில் முடிந்து வந்ததில்லை. அந்த நாட்களில் அம்மா வீட்டுக்கு வந்ததும் அக்காவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மோந்து பார்ப்போம். "எந்தக் கை நல்லா இருக்கு?" என்று அம்மா சிரிப்பார். வலது கைக்குத்தான் எப்போதும் போட்டி.

நான் ஹட்டனில் ஒன்பதாம் ஆண்டு படித்த வருடம் அது. எங்கள் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர் ரஞ்சிதம் டீச்சர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், ஹட்டனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எனக்குக் கணக்கு என்றால் காய்ச்சல் வரும். டீச்சர் என்னைப் பள்ளி விட்ட பிறகும் இருத்தி, தான் கொண்டுவந்த பணிஸ் ரொட்டியில் பாதியை எனக்குத் தந்து, பஸ் வரும்வரை சொல்லிக்கொடுப்பார். இதை நான் வீட்டில் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்தப் பொம்பள நம்ம புள்ளைக்குத் தொண்டத் தண்ணி வத்தக் கத்துறாங்க. லீவுக்கு ஊருக்குப் போறவங்கள வெறுங்கையோட அனுப்புறதா? அவங்க பண்டிகை வேற வருது" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "எனக்குத் தெரிஞ்ச பெரிய பலகாரம் அது ஒண்ணுதான்" என்றார்.

சொக்லட் கட்டிகளை அம்மா ஹட்டனில் முஸ்லிம் நானா கடையில் வாங்கிவந்தார். பாலாடையை, மாடு வைத்திருந்த பக்கத்து வீட்டில் நாலு நாளாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். பிராந்திதான் இடித்தது. பங்களாவில் போத்தல் போத்தலாக இருந்தது, ஆனால் அங்கே கை வைக்கும் எண்ணம் அம்மாவுக்குக் கனவிலும் வந்திருக்காது. வீட்டிலும் ஒரு போத்தல் இருந்தது. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற மருந்தோடு கொடுப்பதற்கென்று ஒரு சின்னப் போத்தல் பிராந்தியைத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருப்பது லயத்து வழக்கம். அந்தப் போத்தல் இருக்கும் பக்கமே அப்பா போகமாட்டார். போனால் அம்மா விடும் பார்வை அப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா அதை வெளியே எடுத்தார். "என் பிராந்திய ஒன் டீச்சருக்கு ஊத்துறாங்க பாருடி. நாளைக்கு எனக்கு எதாச்சும் ஆனா நீதான் பொறுப்பு" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாயக் கழுவு" என்று அம்மா அதட்டினார், ஆனாலும் அன்று அவருக்குக் கோபமே வரவில்லை. கொதிக்கும் சட்டிக்கு மேலே கிண்ணத்தை வைத்துச் சொக்லட்டை உருக்கி, ஒரே பக்கமாகக் கிண்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிராந்தியை ஊற்றினார். சூட்டில் ஊற்றினால் வாசம் போய்விடுமாம். பங்களாவில் குளிர்ப்பெட்டி இருந்தது. எங்களுக்கு லயத்துப் "பீலி" இருந்தது. மலையிலிருந்து குழாய்வழியே கொட்டும் அந்தத் தண்ணீர் டிசம்பரில் பல்லைக் கிட்டவைக்கும். கிண்ணத்தை அதில் மிதக்கவிட்டு இறுகவைத்தோம். ஒவ்வொரு உருண்டைக்கும் முன் அம்மா பீலித் தண்ணீரில் உள்ளங்கையை நனைத்துத் துடைத்துக்கொண்டார், கைச்சூடு பட்டால் உருகிவிடும் என்று. நான் உருட்டிய மூன்றும் கோணலாய் வந்தன. அவற்றை நாங்களே தின்றோம். கடவுளே, அந்த ருசி! அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "இதுக்குத்தான் இந்தத் தொரமாருங்க கோட்டுப் போட்டுட்டு வர்றாங்களா?" என்றார். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டும் வெள்ளித்தாளை அப்பா தொழிற்சாலையிலிருந்து கேட்டு வாங்கிவந்தார். ஒரு காகித அட்டைப் பெட்டிக்குள் அதை விரித்து, உருண்டைகளை அடுக்கி, என் தலை ரிப்பனால் அம்மா கட்டினார்.

மறுநாள்தான் பள்ளித் தவணையின் கடைசி நாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஜன்னல் எல்லாம் மூடிய பஸ், மனிதச் சூடு, பெட்டியிலிருந்து வாசம் மெல்லக் கிளம்பியது. பக்கத்தில் இருந்த நோட்டன் பிரிட்ஜ் டவுன் பெண், என் வகுப்புக்காரி, மூக்கைச் சுருக்கினாள். "என்னடி, சாராய நாத்தம் அடிக்குது? ஒங்க லயத்துல பலகாரமும் சாராயத்துலதான் சுடுவீங்களா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெட்டியை ஜன்னல் வழியே வீசிவிடலாம் போலிருந்தது. வீசியிருந்தாலும் பரவாயில்லை என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

வகுப்பில் எல்லோரும் டீச்சருக்கு நத்தார் வாழ்த்து மட்டை கொடுத்தார்கள். நான் பெட்டியை நீட்டினேன். டீச்சர் எல்லோர் முன்னாலும் ரிப்பனை அவிழ்த்து, வெள்ளித்தாளை விலக்கி, "அடி சக்கை! இது ஆர் செய்தது, பிள்ளை?" என்று கேட்டார். பஸ்ஸில் மூக்கைச் சுருக்கியவள் முதல் வரிசையில் இருந்தாள். என் வாயில் அம்மாவின் பெயர் வந்ததா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை; வந்தது இதுதான்: "பங்களா தொரசாணி செஞ்சாங்க டீச்சர். ஒங்களுக்குன்னு குடுத்தனுப்பினாங்க."

வகுப்பே மாறிப்போனது. சாராய நாற்றம் என்றவளே கழுத்தை நீட்டி எட்டிப்பார்த்தாள். அதே பிராந்திதான், அதே உருண்டைதான். லயத்திலிருந்து வந்தால் நாற்றம், பங்களாவிலிருந்து வந்தால் வாசம் என்பது எனக்கு அந்த வயதிலேயே யாரும் சொல்லித்தராமல் தெரிந்திருந்தது. டீச்சர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார், கண்ணை மூடினார். "என்ர வாழ்நாளில இப்பிடி ஒண்டு சாப்பிட்டதில்லை பிள்ளை. செய்த கைக்குக் காப்புப் போடோணும்" என்று சொல்லி, எங்கள் முன்னாலேயே இரண்டாவதையும் எடுத்தார். பிறகு ஒரு தாளை நீட்டி, "அந்த அம்மாவின்ர விலாசத்தை எழுதித் தா. நன்றி எழுதாமல் விடக்கூடாது" என்றார். எழுதிக்கொடுத்தேன். என் கையால், அழகான எழுத்தில், எழுதிக்கொடுத்தேன்.

அன்று மாலை அம்மா லயத்து வாசலிலேயே நின்றிருந்தார். "டீச்சர் தின்னாங்களா? என்னா சொன்னாங்க?" என்றார். உண்மையில் பாதியைச் சொன்னால் மீதியும் வந்துவிடும் என்ற பயம் எனக்கு. "ஒண்ணும் சொல்லல. வாங்கிப் பையில வச்சிக்கிட்டாங்க" என்றேன். "ஓ" என்றார் அம்மா. உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

நத்தாருக்கு மூன்று நாள் இருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து வாழ்த்து மட்டை வந்தது. பங்களாவில் விருந்தாளிகள் நிறைந்திருந்ததால் பாத்திரம் கழுவ அம்மா என்னையும் கூட்டிப்போயிருந்தார். தொரசாணி மட்டையோடு சமையலறைக்கு வந்தார். "ராமாயி, இது என்ன? நான் எந்த டீச்சருக்குச் சொக்லட் குடுத்தது? ஒங்க மக கொண்டுபோய்க் குடுத்தது எண்டு எழுதியிருக்கு. பிராந்தி போட்டது, நல்ல ருசி எண்டு எழுதியிருக்கு" என்றார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு தரம்தான். நான் கையில் இருந்த தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், அது எப்போதோ சுத்தமாகியிருந்தது. 'இல்லம்மா, அது எங்க வீட்டுல செஞ்சது' என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் தொரசாணி அதை டீச்சருக்கு எழுதுவார், டீச்சர் முன்னால் நான் பொய்க்காரி ஆவேன். இதையெல்லாம் அம்மா எவ்வளவு நேரத்தில் யோசித்தாரோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மன்னிச்சிக்கிருங்க தொரசாணி. நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றார்.

"கேட்டா நான் குடுக்கிறதுதானே ராமாயி? ஒன்பது வருஷம்!" என்றார் தொரசாணி. அவர் குரல் உடைந்தது. உண்மையாகவே மனம் நொந்திருந்தார், பாவம், அவரையும் ஏமாற்றினேன் நான். நத்தார் முடிந்ததும் அம்மாவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பதினான்கு வயது, ஊமையல்ல. திறக்கவில்லை.

நத்தாருக்கு மறுவாரம் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு "பெரட்டு"க்குப் போனார். காலையில் கங்காணி ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும் இடம் அது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு கொழுந்து பறிக்கப் போனவரை, "பங்களாவுல பிராந்தி திருடுனவ" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், முன்னாலும் பேசினார்கள். போத்தல் யாருடையது என்று அக்காவுக்குத் தெரியும். சண்டைக்குக் கிளம்பியவரை, "வாயத் தொறந்தீன்னா பாத்துக்க" என்று அம்மா அடக்கினார். அக்கா என்னிடம் திரும்பி, "நீ படிச்சு என்னாத்தடி கிழிக்கப்போற?" என்றார். மாசி மாதம் பிள்ளை பிறக்கும்வரை என்னோடு அவர் பேசவில்லை. அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரிய வேணாம். நீ பாட்டுக்குப் போயிட்டு வா." நான் பாட்டுக்குப் போய்வந்தேன். கணக்கில் நல்ல பெறுபேறு வந்தது. அம்மாவின் விரல்களில் தேயிலைக் கறை ஏறிக் கறுத்தது, அதன் பிறகு யாரும் அந்தக் கையை மோந்து பார்க்கவில்லை.

இப்போது நானும் ஹட்டனில் ஒரு டீச்சர்தான், கணக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறார். அந்தப் பங்களா சுற்றுலாக்காரர் தங்கும் விடுதியாகிவிட்டது. எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள், பீலி இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிற்கிறது. தேயிலையைக் கடுதாசிச் சாக்கில் கட்டுவதால் அந்த வெள்ளித்தாளையும் காணோம். ரஞ்சிதம் டீச்சர் வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருந்து காலமானார் என்று கேள்விப்பட்டேன்.

போன டிசம்பரில் வகுப்புப் பிள்ளைகள் எனக்குக் கடைச் சொக்லட் பெட்டி ஒன்று தந்தார்கள். அதைத் திறந்தபோது அந்த வாசம் வந்தது, அன்று முழுவதும் எனக்குப் பாடம் ஓடவில்லை. அந்த ஞாயிறே கணவரை அனுப்பிப் பிராந்தி வாங்கி, நானே செய்ய இறங்கினேன். முதல் சட்டி அடிப்பிடித்தது, இரண்டாவது ஒருமாதிரி தேறியது. அம்மா கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் இரண்டு வைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அன்னைக்கி டீச்சர்கிட்ட பங்களாவுல செஞ்சதுன்னு நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். இத்தனை வருடமாக வாயிலேயே கிடந்து ஊறிய வார்த்தைகள், வெளியே வந்தபோது ஒன்றுமில்லாததுபோல் ஒலித்தன.

"அதான் அந்த மட்டையிலயே வந்துருச்சே" என்றார் அம்மா. உருண்டையைக் கடித்து, மெதுவாகக் கரைத்து விழுங்கினார். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்.

"அத விடு. டீச்சர் தின்னாங்களா?"

சொன்னேன். கண்ணை மூடியதை, செய்த கைக்குக் காப்புப் போட வேண்டும் என்றதை, டீச்சர் சொன்ன மாதிரியே சொன்னேன். எல்லோர் முன்னாலும் இரண்டாவதையும் எடுத்தார் என்றேன். அம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டாவதும் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்கம்மா."

"அத அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமுல்ல?" என்றார்.