மங்கை பேசாமல் விட்ட காட்சி

செய்தி வந்தபோது பெட்ரோல் பங்கில் வண்டிக்கு கேஸ் போட்டுக்கொண்டிருந்தேன். மங்கையின் கணவர் செந்தில் அழைத்தார். வழக்கமாக அவர் அழைத்தால், "மங்கை பேசணுமாம், இருங்க" என்று உடனே போனைக் கொடுத்துவிடுவார். அன்று கொடுக்க ஆளில்லை. "மங்கை போயிட்டா அண்ணா. காலைல, தூக்கத்திலேயே" என்றார். சில மாதங்களாக மங்கை நோயோடு இருந்தது நமக்கெல்லாம் தெரியும். தெரிந்திருந்தும் என்ன, குழாயை வண்டியிலிருந்து எடுக்க மறந்து நின்றேன். பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தபிறகுதான் உறைத்தது.

ஹூஸ்டனை ஒட்டிய நம் கேட்டி ஊர் நண்பர்களுக்கு மங்கையின் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். மாதம் ஒரு சனிக்கிழமை நம் குடியிருப்பின் ஹாலில் உலக சினிமா. எல்லாரும் முன்னால் உட்கார்ந்திருப்போம். அவர் கடைசி வரிசையில் மைக்கோடு உட்கார்ந்து, திரையில் யார் எந்த மொழியில் பேசினாலும் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். திரையில் ஆங்கில எழுத்து ஓடவே கூடாது என்பது அவர் சட்டம். "எழுத்து ஓடினா பசங்க அதைப் படிச்சிட்டுப் போயிடுவாங்க அண்ணா. ஒரே படத்தை நாம ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம் பார்ப்போம்" என்பார். வாரக்கணக்கில் உட்கார்ந்து வசனத்தையெல்லாம் தமிழில் எழுதித் தயாரித்துக்கொண்டு வருவார். இத்தனைக்கும் அவர் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். நான் அவரோடு ஒரே ஆபீஸில் குப்பை கொட்டியவன். டெலிவரி நாள் நெருங்கி மேனேஜர் தலைகீழாக நின்றாலும், "பார்க்காததுக்கு நான் பாஸ் போட மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். என் ப்ரோக்ராம்தான் பெரும்பாலும் மாட்டும். பல நாள் அவரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அந்தக் கோசா மொழிப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் பள்ளி முடித்த நான்கு நண்பர்கள், மாமாவின் ஓட்டை வண்டியை எடுத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போகிறார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் அப்பா கடற்கரை ஊரில் வேலைக்குப் போனவர், வீடு திரும்பவே இல்லை. படம் தொடங்கியதும் ஹாலில் ஒரே சிரிப்பு. அந்த மொழியில் நாக்கைத் தட்டி எழுப்பும் ஓசைகள் உண்டு. நாம் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுகிற அதே சத்தம். "என்னங்க, வார்த்தைக்கு வார்த்தை சலிச்சுக்கறாங்க?" என்றார் யாரோ. மங்கை மைக்கிலேயே, "சலிச்சுக்கல சார், அது அவங்க எழுத்து. கொஞ்சம் பொறுங்க, பழகிடும்" என்றார். கால் மணி நேரத்தில் பழகிவிட்டது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் மகள் நிலாவும் அப்போதுதான் ஹைஸ்கூல் முடித்திருந்தாள். மூன்று தோழிகளோடு மேற்கு டெக்சஸ் மலைப்பக்கம் ரோடு ட்ரிப் போக அனுமதி கேட்டாள். முடியாது என்றேன். ஏன் என்றாள். முடியாதென்றால் முடியாது என்றேன். இரண்டு வாரமாக வீட்டில் பேச்சு நின்றிருந்தது. ஆகஸ்டில் அவள் காலேஜுக்குக் கிளம்பிவிடுவாள். இப்படியே போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் உதறல், வெளியே வீம்பு. மனைவிதான் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் தள்ளி உட்காரவைத்தாள்.

படத்தின் முடிவில் அந்தப் பெண் அப்பாவைக் கண்டுபிடிக்கிறாள். கடற்கரையில் எதிரெதிரே நின்று நீண்ட நேரம் பேசுகிறார்கள். மங்கையின் குரல் வரவில்லை. மைக்கில் பேட்டரி போய்விட்டது என்று செந்தில் எழுந்து ஓடினார். மங்கை கையால் சைகை காட்டி அவரை உட்காரச் சொன்னார். ஹால் முழுக்க யாருக்கும் புரியாத கோசா. "இப்ப அடிக்கப் போறான் பாரு" என்று முணுமுணுத்தேன். அந்த அப்பா அடிக்கவில்லை. அவள் கையிலிருந்த செருப்பை வாங்கி, ஒன்றோடொன்று தட்டி மணலை உதிர்த்துத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் நிலா என் பக்கம் சாய்ந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண், "பத்திரமா வந்துட்டேன்னு சொல்றாப்பா" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவ மூஞ்சியப் பாருங்கப்பா."

சாப்பாட்டு நேரத்தில் எலுமிச்சை சாதத் தட்டோடு ஆளாளுக்கு அந்த மௌனத்தைப் புகழ்ந்தார்கள். டாக்டர் நண்பர் ஒருவர் மௌனமே பெரிய மொழி என்று பிரசங்கமே செய்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மங்கை, "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. எனக்குக் கிடைச்ச ஃபைல்ல அந்த சீனுக்கு மட்டும் இங்கிலீஷ் வரல" என்றார். நீங்களாக ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாமே, எங்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்றேன். "பார்க்காததுக்கு பாஸ் போட மாட்டேன் அண்ணா." அதோடு விடவில்லை. எங்கள் வீட்டுச் சண்டை அவர் காதுக்கும் போயிருந்தது. "நிலா ஹைவேல ஓட்டி நீங்க பார்த்திருக்கீங்களா?"

இல்லை. அவள் அம்மாதான் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள்.

"அப்புறம் எப்படி ஃபெயில் போட்டீங்க?"

சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு மங்கையே வந்து நின்றார். கால்வெஸ்டன் கடற்கரை வரைக்கும் நிலா ஓட்டுவாள், மங்கை முன் சீட்டில், நான் பின்னால், வாயைத் திறக்கக் கூடாது. ஹூஸ்டனுக்குள் ஃப்ரீவேயில் லாரிகளுக்கு நடுவே அவள் லேன் மாறும்போதெல்லாம் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. மங்கை திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணா, கார் ஃப்ளோர் ஓட்டையாயிடும்" என்றார். நிலா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் தோன்றியது. அழகாக ஓட்டினாள். என்னைவிட நன்றாகவே ஓட்டினாள் என்று இங்கே எழுதிவைக்கிறேன், என் மனைவி படிக்கட்டும். அடுத்த மாதம் மலைக்குப் போய்வந்தாள். காலேஜுக்குக் கிளம்பிய அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் போனாள்.

மங்கைக்கு நான் நன்றி சொல்லாமல் இல்லை. பலமுறை சொன்னேன். "எனக்கெதுக்கு அண்ணா? டெஸ்ட் பண்ணது நீங்க, பாஸானது அவ" என்று சிரித்து ஒதுக்கிவிடுவார். இன்று ஒதுக்க அவர் இல்லாததால் முழுதாகச் சொல்லிக்கொள்கிறேன்: என் பெண் என்னோடு பேசுகிறாள் என்றால் அது நீங்கள் போட்ட பிச்சை, மங்கை.

நேற்று அதே ஹாலில் அஞ்சலிக் கூட்டம். காலேஜ் இருக்கும் ஆஸ்டினிலிருந்து நிலா தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். வழியில் நல்ல மழை. பழைய ஆளாக இருந்தால் அரை மணிக்கொரு தரம் போன் போட்டுப் பிராணனை வாங்கியிருப்பேன், மனதுக்குள் விபத்தையும் நடத்தி முடித்திருப்பேன். பார்க்காததை மனதில் ஓட்டிப் பார்த்து ஃபெயில் போடாமல் பொறுத்திருப்பது, இதுதான் மங்கையிடமிருந்து எனக்கு வந்தது. போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஹால் வாசலில் நின்றேன். வண்டி வந்தது. நனைந்துகொண்டே இறங்கி ஓடிவந்தவள், நான் கேட்பதற்கு முன்பே தமிழில் சொன்னாள்.

"பத்திரமா வந்துட்டேன்பா."