வழுக்கி வந்த கல்தொட்டி

ஒருநாள் காலை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, என் கால்களை நீட்டி அவற்றின்மேல் படுக்கப் போட்டேன். வெந்நீர் ஊற்றியதும் என் பாதத்தை நோக்கி ஒரு விரற்கடை சறுக்கினான். அவ்வளவுதான். அவன் சிரித்தான், நான் அவனை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் அதிகமோ? காலைச் சரியாக நீட்டவில்லையோ? நல்லெண்ணெய் வாசனைக்கு நடுவே வாழைப்பட்டையின் பச்சை வாசனை எங்கிருந்தோ வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது ஆவடிப் பக்கம் எங்கள் வீடு. மாடுகளுக்குக் கழுநீர் ஊற்ற ஒரு கருங்கல் தொட்டி வந்திறங்கியது. கொல்லைக்குப் போகும் வழியில் பலகை பரப்பி, அதன்மேல் ஈர வாழைப்பட்டை போட்டுத் தள்ளினார்கள். சமதரையில் தொட்டி அடம்பிடித்தது. ஆட்கள் மூச்சிரைப்பதைக் கண்டு அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னும் நாலு பட்டை போடுங்கப்பா, நோவாம போவட்டும்."

கொல்லையின் இறக்கம் வரும்வரை அது நல்ல யோசனைதான். அதன்பிறகு தள்ள வேண்டியிருக்கவில்லை. பின்னால் கயிற்றைப் பிடித்திருந்த இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தொட்டி இறங்கியது. முன்னால் பட்டை போட்டுக்கொண்டிருந்த சின்னையன், தன் கையிலிருந்து விழுந்த பட்டையையே மிதித்து மல்லாந்தார்.

"டேய், புட்ரா! வந்துகினே கீதுடா!" என்று கிடந்தபடியே கத்தினார்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா சாம்பல் கூடையோடு ஓடிவந்து, அவருக்கும் தொட்டிக்கும் நடுவே வெறும் பலகைமேல் அப்படியே கவிழ்த்தாள். தொட்டி சாம்பலில் ஏறி, கரகரவென்று முனகி, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"காலு கீதா பாருடா, கஸ்மாலம்!" என்றார் கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர்.

"கீது மச்சான். ரெண்டும் கீது, எண்ணிப் பாத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சாம்பல் கையோடு என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு பள்ளியில் பாடம் வந்தது: எடை அழுத்தும், சரிவு இழுக்கும், உராய்வு தடுக்கும். உராய்வின் பயன் என்ன என்ற கேள்விக்கு, 'அது இல்லாவிட்டால் ஆள் செத்துப்போவார்' என்று எழுதினேன். மதிப்பெண் கிடைக்கவில்லை.

யுத்தத்துக்காகப் பட்டாளம் நிலத்தை எடுத்துக்கொண்டபோது வீடும் தொட்டியும் போயின. இறக்கத்தில் மண் கொட்டிச் சமமாக்கிவிட்டார்கள், லாரிகள் நிற்கின்றன. அதைப் பார்க்க அம்மா உயிரோடு இல்லை.

இப்போதெல்லாம் குழந்தையைத் தூக்கும் முன் பயத்தமாவை இரு உள்ளங்கையிலும் பூசிக்கொள்கிறேன். "மாவு வீணாப் போவுதும்மா," என்கிறார் மாமியார். போகட்டும். கையிலிருந்து அவன் நழுவினால், கூடையோடு ஓடிவர இனி ஆளில்லை.