சபாபதி முறைத்த கத்திரிக்காய்

சாம்பாருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? குழந்தைக்குச் சுற்றுவார்கள். புது மாப்பிள்ளைக்குச் சுற்றுவார்கள். கறவை மாட்டுக்குக்கூடச் சுற்றுவதுண்டு. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் சாம்பாருக்கு உப்பும் மிளகாயும் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினோம். சாம்பார் வைத்தவன் நான். அதனால் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்தான் என்கிறாள் கமலா. கமலா என் மனைவி. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியாமல் இருக்காது. "நான் கரண்டியைப் பிடித்தால் திருச்சியில் பாதி ஹோட்டலை மூடவேண்டியதுதான்" என்று ஒருநாள் சும்மா இருக்காமல் சொல்லி வைத்தேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அடுப்படி உங்களுது. சிநேகிதங்களைச் சாப்பிடக் கூப்பிடுங்க. நான் அன்னிக்கு விருந்தாளி."

சரி, யாரைக் கூப்பிடுவது? முதலில் சபாபதி. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது ஒரு ஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். வாட்டர் கலரில் அவன் போட்ட படங்களெல்லாம் அவன் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. ஒன்றுகூட ஆணியில் ஏறியதில்லை... ஊரார் சுவரிலும் இல்லை, சொந்தச் சுவரிலும் இல்லை. "செத்துப்போனா என் போட்டோவை மாட்டுவாங்க. அப்பவும் படத்தை மாட்ட மாட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பான்.

அடுத்தவர் பெரியண்ணன். துறையூர்ப் பக்கம் சொந்த நிலம். காந்தி மார்க்கெட் அருகே புதிதாகக் காய்கறிக் கடை திறந்திருக்கிறார். கடை காலண்டருக்கு ஒரு படம் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தால், சபாபதியின் படம் ஒன்று ஊரெல்லாம் சுவர் ஏறிவிடாதா? என் திட்டம் இவ்வளவுதான். சபாபதியிடமும் சொல்லி வைத்தேன்.

காலையில் நானும் சபாபதியும் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஹோட்டலில் டிபனுக்கு உட்கார்ந்தோம். முறுகல் தோசை வந்தது. நான் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். சபாபதி தோசையைப் பார்த்தபடியே இருந்தான்.

"நடுவுல அந்த பிரவுன் பாத்தியா? ஓரத்துக்கு வர வர எப்படிக் குறையுது பாரு."

சர்வர் வந்து எட்டிப் பார்த்தார். "சார், தோசை சரியில்லீங்களா? மாத்திக் கொண்டாரட்டுமா?" வாசலில் இடத்துக்காக ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அந்தத் தோசையையும் நானே சாப்பிட்டேன்.

மார்க்கெட்டில் இன்னும் மோசம். நான் பிஞ்சுக் கத்திரிக்காயாகப் பொறுக்கினால் அவன் கொட்டிவிட்டுக் குண்டுக் கத்திரிக்காயாக எடுக்கிறான். பிஞ்சில் பளபளப்பு போதாதாம். முருங்கைக்காய் வளைந்துதான் இருக்க வேண்டுமாம். பூசணிக்காயின் மேலிருக்கும் சாம்பல் கலைந்துவிடக் கூடாது என்று, அதை மேல்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தான். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் காவிரிப் பாலம் தாண்டும்வரை குழந்தை முகத்தைப் பார்க்க எட்டி எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கரி அடுப்பை மூட்டிப் பருப்பைப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன், காய்களைக் காணோம்.

கூடத்தில் ஸ்டூலின் மேல் இருந்தன. நடுவில் பூசணிக்காய். அதற்கு முன்னால் ஒரு டப்பாவின் மேல் இரண்டு குண்டுக் கத்திரிக்காய். அதற்குக் கீழே ஆளுக்கொரு பக்கமாக வளைந்த இரண்டு முருங்கைக்காய். அதற்கும் கீழே ஒரு வரிசை பழுத்த மிளகாய்.

"டேய், நறுக்கணும்டா."

"தொடாதே. வெளிச்சம் இப்பத்தான் சரியா விழுது."

"பருப்பு வெந்துடும்."

"வேகட்டும். எல்லாக் கடை காலண்டர்லயும் லட்சுமி. காய்கறிக் கடைக்குக் காய்கறிதானேடா லட்சுமி?"

சபாபதி ஒரு கண்ணை மூடிக்கொண்டான். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினான். கத்திரிக்காயை அளவெடுக்கத் தொடங்கினான். ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த கமலா, "சமையல்காரரே, காய் எப்ப உள்ள வரும்?" என்று குரல் கொடுத்தாள். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வரைந்து முடித்த காயை ஒவ்வொன்றாக விடுதலை செய்வான். முதலில் முருங்கைக்காய் வந்தது. கத்திரிக்காய் வருவதற்குள் அது நாராகிவிட்டது.

கத்திரிக்காய் இன்னும் ஸ்டூலில் இருந்தபோதே பெரியண்ணன் வந்துவிட்டார். வாசற்படியிலேயே நின்றார். அவர் கண்ட காட்சி அப்படி... ஒரு மனுஷன் ஒற்றைக் கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, இரண்டு கத்திரிக்காயை இமைகொட்டாமல் முறைத்துக்கொண்டிருக்கிறான். பெரியண்ணன் சுவர் ஓரமாக வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒருவழியாகச் சமையல் முடிந்தது. கத்திரிக்காய்ச் சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு. இலை போட்டேன். பெரியண்ணன் சாம்பாரைப் பார்த்தார், காலியான ஸ்டூலைப் பார்த்தார்.

"சார், அந்தக் காயா இந்தக் காய்?"

"ஆமாங்க."

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு மோர் சாதம் போதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் சாம்பாரையா வேண்டாம் என்கிறார்? "ஏங்க, உங்க கடைக் காயைத் திருச்சியே பாக்குதே, அதைச் சாப்பிடலையா?" என்று கேட்டேன்.

"அது வாங்கற பார்வைங்க. வெலை கேப்பாங்க, பேரம் பேசுவாங்க, போயிடுவாங்க. இவரு பாத்தது அப்படி இல்லீங்க. ஒரு காய அவ்வளவு நேரம் பாத்தா, அதுல என்னங்க மிச்சம் இருக்கும்? வயித்துக்கு ஆகாதுங்க."

சபாபதி தலையைக் குனிந்துகொண்டான். இலையின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தான். காலண்டர் கைநழுவிப் போகிறது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது.

அன்றைய விருந்தாளி கமலா எழுந்தாள். கை நிறையக் கல் உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு. சாம்பார்ப் பாத்திரத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள், கூட்டையும் சேர்த்து. அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகினால் தெருவே தும்ம வேண்டாமா? ஒரு நெடி இல்லை. எல்லோரும் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தோம். ஊஹூம்.

"பாத்தீங்களா, நெடியே இல்ல. அவ்வளவும் கண்ணுங்க" என்றார் பெரியண்ணன்.

மூடநம்பிக்கையைப் பற்றி இதே பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்? என் சாம்பாரின் பெருங்காய வாசனை நெடியை அமுக்கிவிட்டது என்பதுதான் என் கட்சி. கேட்க ஆள் இல்லை. கண் கழிந்த தைரியத்தில் பெரியண்ணன் அதற்குள் இரண்டாம் முறை சாம்பார் கேட்டுவிட்டார். சாப்பிடச் சாப்பிட, சபாபதியைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

கை கழுவிவிட்டு வந்தவர் சபாபதி வரைந்திருந்த படத்தின் முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இது எனக்கு வேணுங்க."

"காலண்டருக்குத்தானே?" என்றேன் நான் முந்திக்கொண்டு.

"காலண்டருக்கு லட்சுமியே இருக்கட்டுங்க. இதைக் கடை வாசல்ல, நிலைக்கு மேல மாட்டணும். மொளகா, எலுமிச்சம்பழம் கட்டுவோம்ல, அங்க. இந்தா பாருங்க, உருட்டுன கண்ணு ரெண்டு, மீசை, செவப்புல பல்லு. இதைத் தாண்டி எவன் கண்ணு உள்ள வரும்?"

அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். அட, ஆமாம். பூசணிக்காய் மூஞ்சி, கத்திரிக்காய் கண், முருங்கைக்காய் மீசை. சபாபதி போட்டது திருஷ்டிப் படமேதான்.

அவன் முகம் வெளுத்துப் போயிற்று. இத்தனை வருஷம் கலை கலை என்று இருந்தவனை மிளகாய்க்குத் துணையாகத் தொங்கவிடுகிறேன் என்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை ஏன் கூப்பிட்டோம் என்றுகூட நினைத்தேன். சபாபதி படத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். கட்டிலுக்கு அடியில் இன்னொன்று சேரப்போகிறது என்று நினைத்தேன்.

"வாட்டர் கலருங்க. தண்ணி பட்டா போயிடும். கண்ணாடி போடுவீங்களா?"

"தேக்குல ஃப்ரேம் போட்டே மாட்டறேங்க."

"ஆணியை நேரா அடிப்பீங்களா?"

"நீங்களே வந்து நின்னு பாத்துக்குங்க."

நேற்றுச் சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். படம் ஜம்மென்று ஏறியிருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். ஒரு குடை ரிப்பேர்க்காரர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தார். காய் வாங்க வருபவர்கூட அண்ணாந்து பார்த்த பிறகுதான் வெண்டைக்காய் கேட்கிறாராம். எந்த எக்ஸிபிஷனில் இப்படிப் பார்ப்பார்கள்?

சபாபதியும் அங்கேதான் இருந்தான், ஏணியின் மேல். படத்துக்குக் கீழே பெரியண்ணன் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தின் மஞ்சள் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவிழ்த்துவிட்டு, தானே பொறுக்கி வாங்கி வந்த பழத்தைக் கட்டினான். மிளகாய் எத்தனை கோத்தால் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று பார்க்க, ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டினான். இவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

கீழே பெரியண்ணன் அவசர அவசரமாகத் தக்காளிக் கூடைகளின் மேல் சாக்கை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

ஊரார் கண்ணுக்கு அந்தப் படம் போதும். போட்டவன் கண்ணுக்குச் சாக்குதான் வேண்டியிருக்கிறது.