டேப் வருமுன் வந்த உறை

இன்னும் கடைக்கு வராத, வருமா என்றே உறுதியில்லாத ஒரு டேப்லட்டுக்கு உறை வந்திருந்தது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் போன் கடையில், சுவரில் ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். கறுப்பு நிறம், ரப்பர் போல வளையும். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய அடிமட்டம் இருக்கும். எடுத்து அளந்தேன். நீளம் இருபத்தாறு சென்ரிமீற்றர். உள்ளே ஆறு மில்லிமீற்றர் கனமுள்ள பொருளுக்குத்தான் இடம் இருந்தது.

"அளவு எப்படித் தெரியும்?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"சைனாவுல உறை செய்றவனுக்கு எப்படியோ முன்னாடியே கெடச்சிரும் ஐயா. டேப் வர்ற அன்னைக்கே உறையும் கடையில இருக்கணும்ல. அதான் முந்திக்கிறான்."

"அளவு பிழைச்சிட்டா?"

"பிழைச்சா என்னா, உறை என் தலையில."

தேயிலைத் தோட்ட ஆபீசில் முப்பத்தொரு வருடம் கொழுந்து நிறை எழுதினவன் நான். பறிக்காத கொழுந்துக்கு ஒருநாளும் நிறை எழுதியதில்லை. இங்கே பொருள் வருவதற்கு முன்பே அதன் அளவு கடல் தாண்டி வந்து ஆணியில் தொங்குகிறது. உறையின் பின்பக்கம் கெமராவுக்காக ஒரு பெரிய ஓட்டை. அதிலிருந்து நான்கு மில்லிமீற்றர் தள்ளி இன்னொரு ஓட்டை, கடுகு அளவு. அந்தச் சின்ன ஓட்டை எதற்கு என்பதுதான் அந்தக் கடையில் அப்போது நடந்துகொண்டிருந்த வாதம்.

நான் அந்த வாதத்தில் சேர்ந்ததற்குக் காரணம் என் மனைவி.

அவளுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போனது. கேட்பது எல்லாம் புரியும், சொல்ல வராது. நான்கு சொற்கள் மட்டும் மிச்சம் இருந்தன: ஆமா, இல்ல, அங்க, ஆண்டவரே. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். முப்பது குழந்தைகளின் அழுகைக்கு மேலே அவள் குரல் கேட்கும். கீழே ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அந்தக் குரலை வைத்தே பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்வார்கள்.

பதுளையில் கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை கூட்டிப் போவேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் சிங்களப் பிள்ளை, தமிழை நிறுத்தி நிறுத்தி, ஆனால் சுத்தமாகப் பேசுவார். அவர்தான் ஒரு டேப்லட்டைக் காட்டினார். திரையில் படங்கள். தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் "தண்ணீர் வேண்டும்" என்று ஒரு பெண் குரல் சொன்னது. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் குரல். என் மனைவி அதை ஒருமுறை கேட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்ல," என்றாள்.

அன்று திரும்பும் வழியில்தான் போன் கடைக்குள் நுழைந்தேன். சாதாரண டேப்லட்டின் விலை கேட்கத்தான் போனேன். கடைக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு, "அவசரப்படாதீங்க ஐயா, புதுசு ஒண்ணு வரப்போகுது. ஒரு மனுசரோட பழைய குரலக் கொஞ்சம் குடுத்தா போதுமாம். நம்ம எதை எழுதினாலும் அதே குரல்ல பேசுமாம். தமிழ்லயும் வருதாம்" என்றார்.

நான் அங்கிருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் குரலிலேயே. அவள் அதட்டின அதே குரலில்.

எங்கள் பகுதி ஆட்களுக்கு 'வரப்போகுது' என்ற சொல் புதிதல்ல. சம்பள உயர்வு, வீடு, காணி என்று நான் பிறந்ததிலிருந்து ஏதாவது ஒன்று வரப்போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் மாதம் போகப் போகச் சிறுக்கும். பேச்சில் பெரிய வீடாகத் தொடங்கி, கடைசியில் ஓர் அறையாக நிற்கும். இந்த டேப்லட் மட்டும் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. முதல் மாதம் குரல் மட்டும் பேசும் என்றார்கள். இரண்டாம் மாதம் மட்டை போல மடியும் என்றார்கள். மூன்றாம் மாதம் பாதிச் சொல்லைக் கேட்டே மீதியை அதுவாகச் சொல்லும் என்றார்கள். கேள்விப்பட்ட ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி இலக்கம் போட்டேன். ஐந்தாம் மாத முடிவில் நாற்பத்துமூன்று இருந்தது. அவற்றில் பதினொன்று ஒன்றுக்கொன்று முரண்.

அந்த உறை வந்தது ஐந்தாம் மாதம்தான். அதன் பிறகு கடையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஓட்டங்களுக்கு நடுவே வந்து நிற்கும் ஆட்டோக்காரர் ஒருவர், சின்ன ஓட்டை வெளிச்சத்துக்குத்தான் என்று அடித்துப் பேசினார்.

"டோர்ச் லைட்டுக்கு இவ்வளவு சின்ன ஓட்டையா? எறும்புக்கா வெளிச்சம் காட்டப் போறான்?" என்றார் கடைக்காரர். "அது மைக். குரல் புடிக்கிற மைக்."

"மைக்குக்கு எதுக்கு முதுகுல ஓட்ட? பின்னாடி நின்னு பேசுறவன் குரலயா புடிக்கும்? கிளாக்கரய்யா, நீங்க சொல்லுங்க. அளந்தவர் நீங்கதானே."

"மைக்காத்தான் இருக்கும்," என்றேன். எனக்கு அது மைக்காக இருக்க வேண்டும்.

ஒருநாள் ஆட்டோக்காரர் வெறும் உறையை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, கிளாக்கரம்மாவா? உங்க வீட்டய்யா இங்க உக்காந்து ஓட்டைய அளந்துக்கிட்டு இருக்காரு, அடுப்புல என்ன இருக்குன்னு கேக்குறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் அந்த ஓட்டையில் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன்.

எனக்கு வேறொரு கவலை. எவ்வளவு குரல் வேண்டும்? ஒருவர் பத்து விநாடி போதும் என்றார், ஒருவர் அரை நிமிடம் என்றார், கடைக்காரர் பார்த்த வீடியோவில் ஒரு நிமிடம் என்றிருந்தது. என்னிடம் இருந்தது மூன்றே மூன்று பதிவுகள். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகளுக்கு, நோய் வருமுன் மனைவி போனில் அனுப்பியவை. பொதி கிடைத்ததா என்று கேட்டது பத்தொன்பது விநாடி. பக்கத்து வீட்டுக் கோழி கீரைப் பாத்தியைக் கிளறியது பற்றிப் பதினொரு விநாடி. "போன எடு புள்ள, எடுக்க மாட்டியா?" என்று ஆறு விநாடி. மொத்தம் முப்பத்தாறு. பத்து விநாடி என்றால் மிச்சம். ஒரு நிமிடம் என்றால் இருபத்துநான்கு குறை. அந்த இருபத்துநான்கு விநாடிகளை இனி உலகத்தில் எங்கே போய்க் கேட்பது?

நான் கேட்டுத்தான் போனேன். மேல் லயத்து வரிசையில் ஒரு வீட்டில் ஞானஸ்நான வீடியோ இருப்பதாகத் தெரிந்து போய் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மணித்தியாலம் எட்டு நிமிடம். அதில் ஓரிடத்தில், கெமராவுக்குள் வராமல், "அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க" என்று அவள் சொல்வது கேட்கிறது. மூன்று விநாடி. அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு, நான்கு விநாடி. அது அவளுடைய சிரிப்புத்தான்.

"சிரிப்பக் கணக்குல சேக்கலாமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"தெரியலையே ஐயா. டேப் வரட்டும், பாப்போம்" என்றார்.

இத்தனை நாளும் மனைவி வீட்டில் நான்கு சொற்களோடுதான் இருந்தாள். கிளினிக் மிஸ் மாதாமாதம் கேட்பார், வாங்கியாயிற்றா என்று. புதியது வரும்வரை காத்திருக்கிறோம் என்பேன். ஆறாம் மாதம் அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், அவங்களுக்கு இன்னைக்குப் பேசணும். அடுத்த மாசம் இல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு அவள் குரலை வாங்கிக்கொடுக்கத்தானே நான் அலைகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் நான் கேட்கவில்லை.

ஏழாம் மாதம் கிளினிக் முடிந்து அவளையும் கடைக்குக் கூட்டிப் போனேன். அடுத்த வாரம் வருகிறது என்று செய்தி வந்திருந்தது. அதனால் கடையில் எல்லோரும் இருந்தார்கள். அவளைக் கதிரையில் உட்கார வைத்தேன். உறையை ஆணியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்து, சின்ன ஓட்டையைக் காட்டி, கொப்பியைத் திறந்து நாற்பத்தேழு விஷயங்களில் முக்கியமானவற்றை வாசித்தேன். ஆட்டோக்காரர் குறுக்கே பேசினார். கடைக்காரர் அவரோடு மல்லுக்கு நின்றார். பிறகு செய்தி உண்மையா என்று போனில் தேடினார்கள். அடுத்த வாரம் இல்லை, வருடக் கடைசி என்று இன்னொரு செய்தி வந்தது. அது எந்த வருடம் என்று ஆட்டோக்காரர் கேட்டார். முப்பத்தைந்து நிமிடம் போயிருக்கும்.

அவள் உறையைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தாள். இடது கையால் மேசையைப் பிடித்துப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டி வரை நடந்தாள். உள்ளே பிள்ளைகளுக்கு விற்கும் நீலநிற டேப்லட் ஒன்று இருந்தது. கண்ணாடியை விரலால் தட்டினாள்.

"அங்க," என்றாள்.

"அது உன் குரல்ல பேசாது. கொஞ்சம் பொறுத்தா..."

"இல்ல."

"வருசக் கடைசிக்குள்ள கட்டாயம்..."

"ஆண்டவரே!" என்றாள் அவள். பிள்ளைக்காம்பராவில் முப்பது குழந்தைகளும் கப்சிப் என்று அடங்கின அதே தொனி. கடையும் அடங்கியது. கடைக்காரர் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார்.

புதிய டேப்லட் இதை எழுதும் நாள்வரை வரவில்லை. உறை இன்னும் ஆணியில் இருக்கிறது. ஓட்டை எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

நீலநிற டேப்லட்டில் நாமே படம் எடுத்து, அதற்கு நாமே குரல் பதியலாம் என்று மிஸ் போனில் சொல்லிக்கொடுத்தார். செய்தி வாசிக்கும் பெண்ணை அவள் மறுபடியும் ஒதுக்கினாள். பக்கத்து வீட்டு மருமகளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன், "இல்ல" என்றாள். இடது கையை நீட்டி என் நெஞ்சில் குத்தினாள்.

"நானா? ஆம்பளக் குரல்லயா பேசப் போற?"

"ஆமா."

முதலில் என்ன பதிவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் இல்லை. வலி இல்லை. மருந்து, போர்வை, கக்கூஸ், ஒன்றும் இல்லை. சுவரில் இருக்கும் மகள் படத்தைக் காட்டினாள், பிறகு போனை, பிறகு தன் வாயை. மகளோடு பேச வேண்டுமா? இல்லை. மகள் எப்போது வருவாள்? இல்லை. மகளுக்கு உடம்பு சுகமா? கொஞ்சம் யோசித்து, இல்லை. இருபத்தாறு தடவை கேட்டேன். அவள் எரிச்சலோடு குசினிக்குப் போய் ஒரு சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் டணார் என்று வைத்தாள்.

"சாப்பிட்டியா மகளே?" என்றேன்.

"ஆமா, ஆமா, ஆமா," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

ஏழு மாதம் அவள் வைத்திருந்த கேள்வி அதுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகள் எடுப்பாள், நான் பேசுவேன். டேப்லட் பற்றி, ஓட்டை பற்றி, இருபத்துநான்கு விநாடி பற்றியெல்லாம் சொல்வேன். இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோப்பையைப் படம் எடுத்து, என் குரலில் பதிந்தோம். என் குரல் கரகரவென்று இருந்தது. அவள் ஒன்பது தடவை தொட்டுத் தொட்டுக் கேட்டாள்.

அந்த ஞாயிறு மகள் எடுத்தபோது போனை டேப்லட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். மனைவி திரையில் கோப்பையைத் தொட்டாள்.

"சாப்பிட்டியா மகளே?"

"சாப்பிட்டேம்ப்பா," என்றாள் மகள் சாதாரணமாக. "என்னா புதுசா கேக்குறீங்க?"

"நான் கேக்கலம்மா. அம்மா கேக்குறா. அம்மாதான் தொட்டா."

கொழும்பில் ஏதோ பஸ் ஹோன் அடிப்பது மட்டும் கேட்டது. மனைவி மறுபடி தொட்டாள். "சாப்பிட்டியா மகளே?"

"அம்மா," என்றாள் மகள். குரல் மாறியிருந்தது. "சாப்பிட்டேம்மா. பாணும் பருப்பும்."

மனைவி தொட்டாள்.

"காலையில சாப்பிடலம்மா. இப்பதான் சாப்பிட்டேன்."

மீண்டும் தொட்டாள். ஒரே கேள்விதான், என் கரகரத்த குரல்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் மகள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பதில் சொன்னாள். ஐந்தாவது தடவை, "ரெண்டு வாரம் காய்ச்சலும்மா. இப்ப நல்லாயிட்டேன். அப்பாகிட்ட சொல்லல, அவரு பயந்து போயிருவாரு. நீங்களும் சொல்லிராதீங்க, என்னா?" என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து, "ஆமா," என்று தன் வாயாலேயே சொன்னாள்.

போனைப் பிடித்திருப்பது நான்தான் என்பதையே மகள் மறந்துவிட்டாள். என் குரல் கேள்வி கேட்கிறது, பதில் என்னைத் தாண்டி மனைவியிடம் போகிறது. மகள் சமையல் பற்றிச் சொன்னாள், அறையில் கூட இருக்கிற பிள்ளை பற்றிச் சொன்னாள், கடையில் நின்று நின்று கால் வீங்குவதைச் சொன்னாள். இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. போனை நீட்டிப் பிடித்திருந்த கை வலித்தது. கை மாற்றினால் பேச்சு அறுந்துபோகுமோ என்று பயமாக இருந்தது. அப்படியே நின்றேன். மனைவியின் விரல் மறுபடியும் கோப்பைக்குப் போனது.