காத்தாடியின் எடை

உயரமான கட்டடங்களின் வெளிக்கண்ணாடியைத் துடைப்பது காத்தாடியின் தொழில். பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு இந்த வேலையில் சேர்ந்தபோது ஆள் ஒல்லிக்குச்சி. பத்தாவது மாடி உயரத்தில் முதல் நாள் காற்று கொஞ்சம் பலமாக வீச, கயிற்றின் நுனியில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக் கூட இருந்தவர் ஒருவர் வைத்த பெயர் அது. பிறகு ஆள் மாறிவிட்டார், பெயர் மாறவில்லை. புதிதாகச் சேருகிறவர்கள், "காத்தாடி யாருண்ணே?" என்று கேட்பார்கள். யாராவது கையைக் காட்டுவார்கள். கேட்டவர் அவரை ஏற இறங்கப் பார்ப்பார், அப்புறம் சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரிப்பார். சேராவிட்டால் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீளும் என்பது அவருக்குத் தெரியும்.

எடை ஏறியது அவருடைய நாற்பத்தோராவது வயதில். ஒரு வாளியைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்தது பிடித்ததுதான். மூன்று மாதம் படுக்கை. படுக்கும்போது எழுபத்தாறு கிலோ, எழுந்தபோது தொண்ணூற்று நான்கு. நடக்க ஆரம்பித்தால் தானே போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

நடந்தார். விடிவதற்கு முன் எழுந்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் விளையாட்டு மைதானத்தை வேகமாக எட்டுச் சுற்று சுற்றுவார். குடியிருப்பில் லிப்ட் இருந்தும் ஐந்து மாடியும் படிதான். வாயைக் கட்டினார், வயிற்றைக் கட்டினார். காலையில் இரண்டு அவித்த முட்டை, மத்தியானம் வேகவைத்த காய், இடையில் பசித்தால் வெள்ளரிக்காய். காபியில் சர்க்கரை போய், பிறகு பால் போய், கடைசியில் காபியே போய்விட்டது. மகளின் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டியபோது, ஊட்டிவிட வந்த பிள்ளையின் விரலில் ஒட்டியிருந்த கிரீமை மட்டும் நாக்கால் தொட்டுவிட்டு, மறுநாள் இரண்டு சுற்று கூடுதலாக நடந்தார்.

முதல் மாதம் இரண்டு கிலோ இறங்கியது. அடுத்த மாதம் மூன்று ஏறியது. அதற்குப் பிறகு தொண்ணூற்றெட்டில் வந்து நின்று, நங்கூரம் போட்டதுபோல அங்கேயே கிடந்தது. ரத்தப் பரிசோதனை செய்தார்கள். தைராய்டு சரி, மற்றதும் சரி. டாக்டரம்மா முடிவுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விடாமல் செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

எடையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். யாரும் நம்பாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வெள்ளரிக்காய் டப்பாவை அவர் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை அவருடைய வேலைப் பையில் பிஸ்கட் சுற்றிய காகிதம் ஒன்று கிடந்தது. மனைவி அதை எடுத்து, மடிப்பு நீவி, அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னோடது இல்ல" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அவளுடைய தம்பி, அது தான் தின்றுவிட்டுப் போட்ட காகிதம் என்று தானாகவே சொல்லிவிட்டான். இந்த மைத்துனனும் காத்தாடியோடு அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். ஆறு வருடத்துக்கு முன் அவனைக் கொண்டுவந்து சேர்த்தவர் காத்தாடியேதான். முப்பத்திரண்டு வயது, கைக்குழந்தைக்காரன், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். கட்டடத்தின் உச்சியிலிருந்து கம்பிக்கயிற்றில் தொங்கும் இரும்பு மேடையை அந்தத் தொழிலில் தொட்டில் என்பார்கள். ஒரு தொட்டிலில் இரண்டு பேர். மாமனும் மைத்துனனும் எப்போதும் ஒரே தொட்டில்.

தொட்டிலில் ஏறுகிறவர் தொண்ணூற்றைந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனி விதி. மாதம் ஒருமுறை சாமான் அறையில் எடை பார்ப்பார்கள். எடை மேடை ஓர் இரும்பு அலமாரியை ஒட்டிக் கிடக்கும். முதல் தடவை முள் தொண்ணூற்றாறைத் தொட்டபோது, மேலும் ஏறிவிடுமோ என்ற பயத்தில் காத்தாடியின் இடது முழங்கை தன்னை அறியாமல் அலமாரியில் ஊன்றிக்கொண்டது. முள் தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கியது. சாமான் அறைக்காரர் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் முழங்கை தெரிந்தே ஊன்றியது. எப்படியும் இந்த மாதம் குறைத்துவிடலாம், அப்புறம் நேராக நின்றுகொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். இப்படியே பதினாலு மாதம் ஓடிவிட்டது.

பதினைந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகக் கட்டடம் ஒன்றின் கிழக்குப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்கள். முந்தின வாரம்தான் இயந்திரம் பழுது பார்ப்பவர் வந்து, தொட்டிலின் எடை உணரும் கருவியைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார். அதுவரை ஐந்து கிலோ பத்து கிலோவைக் கண்டுகொள்ளாமல் இருந்த கருவி அது. பாரம் கூடினால் ஏறுவதைத்தான் அது தடுக்கும் என்பதால் இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. பதினோராவது மாடியில், விட்டுப்போன கண்ணாடி ஒன்றுக்காக மேலே ஏற்றப் பொத்தானை அழுத்தியதும் மணி அலற ஆரம்பித்தது. தொட்டில் அசையவில்லை. அழுத்த அழுத்த மணிதான் அடித்தது.

கண்ணாடிக்கு உட்பக்கம் ஏதோ கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பதினைந்து இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் எழுந்து கண்ணாடி அருகில் வந்து, பயந்த முகத்தோடு ஏதோ கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். இன்னொருவர் காத்தாடியின் வயிற்றை, விழாமல் இருக்கக் கட்டும் பாதுகாப்புக் கச்சையின் பட்டை அதை இரண்டாகப் பிரித்திருந்த இடத்தை, பார்த்தார். பார்த்துவிட்டு நாகரிகமாகக் கண்ணை எடுத்துக்கொண்டார். கண்ணை எடுத்துக்கொண்டதுதான் சுட்டது.

வாக்கி டாக்கியில் மேற்பார்வையாளர், பாரம் கூடியிருக்கிறது, ஏற முயற்சி செய்யாமல் மெதுவாகத் தரைக்கு இறங்குங்கள் என்றார். இறங்கினார்கள். கீழே அவர் காத்துக்கொண்டு நின்றார். காத்தாடியைவிட வயதில் சின்னவர், எல்லோருக்கும் மேடம். தொட்டிலை எட்டிப் பார்த்தார். அனுமதித்த இரண்டு வாளிகள், துடைப்பான்கள், சோப்புக் கேன். எழுதி வைத்த எடைகளைக் கூட்டிப் பார்த்தால் மணி அடிக்க வழியில்லை. ஆனால் மேலே போய் வரும் நேரத்தை மிச்சம் பிடிக்க மூன்றாவது வாளி ஏற்றியதாக மைத்துனன் இரண்டு மாதம் முன்பு பிடிபட்டிருந்தான். மேடம் அவன் பக்கம் திரும்பினார்.

"மூணாவது வாளியை வழியில கொட்டிட்டியா?"

அவன் இல்லை என்றான். அவர் நம்பவில்லை. அவன் காத்தாடியைப் பார்த்தான். பயத்தில் பார்த்த பார்வை இல்லை. பக்கத்து வீட்டில் திருப்புளி கேட்பதுபோல, கேட்டால் கிடைத்துவிடும் என்ற பார்வை.

"மாமா, நீங்க சொல்லுங்க. ரெண்டு வாளிதானே எடுத்தோம்?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று காத்தாடிக்குத் தெரியும். பக்கத்தில் ஏழெட்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் எடை மேடையைக் கொண்டுவருவார்கள்.

"நான் கவனிக்கல" என்றார்.

மைத்துனன் ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். அவன் கச்சையைக் கழற்றி, மடித்து, பெட்டியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனான்.

அன்று சாயங்காலமே மைத்துனன் தன் அக்காளுக்குப் போன் செய்துவிட்டான். மனைவி காத்தாடியிடம், தம்பி மூணாவது வாளி எடுத்தானா இல்லையா என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். ஒரே தொட்டிலில், கை நீட்டினால் படுகிற தூரத்தில் நின்றவருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று அவள் யோசிப்பது அவருக்குத் தெரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை வீட்டு எடை மேடையில் ஏறிப் பார்த்தார். இரண்டு நாள் பட்டினி கிடந்தும் தொண்ணூற்றெட்டு. தன் உடம்பைப் பார்த்து வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அடுத்த நொடி, உடம்பு பொய் சொல்லவில்லையே, நான்தானே சொன்னேன் என்று தோன்றியது. அதற்கு மேல் மைதானத்தைச் சுற்றக் கால் வரவில்லை. நேராகக் கம்பெனிக்குப் போனார்.

மேடம் அப்போதுதான் வந்து அறையைத் திறந்துகொண்டிருந்தார். காத்தாடி அவரைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். எடை மேடையை அலமாரியிலிருந்து விலக்கி, அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கவாட்டில் தொங்கவிட்டார். முள் ஆடித் தொண்ணூற்றெட்டில் நின்றது. மேடம் அதைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"எத்தனை மாசமா?"

"பதினாலு."

"சொல்லியிருந்தா வேற வேலை குடுத்திருப்பேனே. இதுல என்ன மறைக்க இருக்கு?"

"வெக்கமா இருந்துச்சு மேடம். எல்லாம் செஞ்சும் குறையலன்னு சொன்னா யாரும் நம்பறதில்ல. திருட்டுத்தனமா திங்கிறேன்னுதான் நினைப்பாங்க."

மேடம் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இப்ப மட்டும் நம்புவாங்களா?"

காத்தாடி மேடையிலிருந்து இறங்கவும் மறந்து அங்கேயே நின்றார். இறங்குங்கள் என்று மேடம்தான் சொன்னார். எடைப் பதிவேட்டில் காத்தாடியின் பெயருக்கு எதிரே எழுதியிருந்த பதினாலு எண்களையும் சிவப்பு மையால் அடித்தார். இனிமேல் தொட்டில் கிடையாது, மொட்டை மாடி வேலைதான் என்றார். மைத்துனனுக்கு மேடமே போன் செய்து, தவறு தன்னுடையது, நாளைக்கே வந்துவிடு என்றார்.

காத்தாடி அன்று சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்குப் போனார். அவன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. வந்த வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தார். "தப்புப் பண்ணிட்டேன் மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

அவன் குழந்தையின் முதுகைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "எடை ஜாஸ்தின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன், அவ்வளவுதான். ஒரு வாரம் கிண்டல் பண்ணியிருப்பேன். நீங்க கவனிக்கலன்னு சொன்னீங்க பாருங்க, அதை எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியல மாமா."

அவர் வீடு திரும்பி மனைவியிடமும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பாத்திரங்களைக் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு மைதானத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். வேவு பார்க்கத்தான் வருகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்லத் தனக்கு வாயில்லை என்பதும் புரிந்தது. முதல் நாள் மூன்றாவது சுற்றில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாலாம் நாள் ஐந்தாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர் எட்டையும் முடித்துவிட்டு வேர்வை சொட்ட வந்து நிற்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று தன் அக்காளோடு போனில் பேசும்போது, "அவரு நடக்கற நடைக்கு என்னால ஈடு குடுக்க முடியலக்கா" என்று சொல்வது சமையலறையிலிருந்து கேட்டது.

டாக்டரம்மாவிடம் மறுபடியும் போனார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, சர்க்கரை நல்ல நிலையில் இருந்தது, இடுப்பும் முன்புபோல இல்லை. எடை மட்டும் அடம்பிடிக்கிறது, சிலருக்கு அப்படித்தான், நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். இதை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்க நினைத்தார். யாரிடம் காட்டுவது என்று யோசித்துவிட்டுக் கேட்காமல் வந்தார்.

மொட்டை மாடி வேலை என்பது, தொட்டிலைத் தாங்கும் இரும்புக் கைகளையும் கம்பிக்கயிறுகளையும் காலையில் பார்த்துச் சரி சொல்வது, பகல் முழுவதும் அங்கேயே இருந்து கீழே தொங்குகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பது. மைத்துனனின் தொட்டிலில் இப்போது வேறொருவர். கயிற்றின் பிணைப்புகளை மற்றவர்களுக்கு ஒருமுறை பார்த்தால் அவனுக்கு மூன்று முறை பார்ப்பார். வாக்கி டாக்கியில் அவன் பேசுவான், பேசித்தான் ஆக வேண்டும். ஏறறோம், நிறுத்தறோம், முடிஞ்சுது. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. மாமா என்ற வார்த்தை எட்டு மாதமாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகையும் நின்றுபோயிருந்தது.

ஒன்பதாவது மாதம், கீழே சாப்பாட்டு அறையில் குழாய் வேலை நடந்ததால் எல்லோரும் மாடிக்கே டப்பாவைக் கொண்டுவந்தார்கள். நிழல் இருந்தது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். வேறு இடம் இல்லாமல் மைத்துனன் காத்தாடிக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தான். காத்தாடி டப்பாவைத் திறந்தார். திறந்ததும் வழக்கம்போல மூடியால் பாதியை மறைத்துக்கொண்டார். அவன் எட்டிப் பார்த்தான்.

"தினமும் இதேதானா?"

"ஆமா."

அவன் கை நீட்டி ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து மென்றான். மெல்ல மெல்ல முகம் கோணியது.

"உப்பு கூட இல்லையே மாமா."

உப்பு போட்டால் உடம்பில் நீர் சேரும் என்றார்களாம் என்று காத்தாடி முணுமுணுத்தார். அவன் சிரிக்கவில்லை. தன் டப்பாவை முடித்து, மூடி, கச்சையை மாட்டிக்கொண்டு தொட்டில் இருந்த பக்கம் நடந்தான். காத்தாடி மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார்.