மேசைக்குக் கீழே இருந்த போத்தல்

தேநீர்க் கோப்பை தட்டில் கிடந்து கடகடவென்று அடித்ததுதான் முதல் அறிகுறி. நான் தட்டைச் சும்மா பிடித்திருந்தேன், அவ்வளவுதான். தன்னாமுனை வீட்டில் எனக்கு எதிரே இருந்த அக்கா அதைப் பார்த்தாள்.

"அவர நினைக்காத புள்ள," என்றாள்.

என் கணவர் ஞாயிறு காலை மீன் வாங்கக் கல்லடிக் கடற்கரைக்குப் போனவர். சுனாமியோடு போய்விட்டார், உடல் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு வருடம் கழித்து என் கை நடுங்கத் தொடங்கியபோது ஒருவரும் வேறு காரணம் தேடவில்லை. தூக்கம் போனது, பல் முரசில் இரத்தம் கசிந்தது, தொட்டதற்கெல்லாம் சீறினேன். எல்லாம் அவரை இழந்த கவலை என்றார்கள். நானும் நம்பினேன். கை நடுங்கும்போது அவர் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்றுகூட நினைத்தேன். பைத்தியம் என்றாலும் சொல்லிக்கொள்ளுங்கள், அந்த நடுக்கம் எனக்கு வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கடலும் யுத்தமும் சேர்ந்து பாதி ஊரை அங்கே வரிசையில் நிறுத்தியிருந்தன. குளிசை தந்தார்கள். கொஞ்சம் தூக்கம் வந்தது. கை அடங்கவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் புதிதாக ஒரு நரம்பு வைத்தியர் வந்தார், இளம் பெண். என்னை ஒரு சுருள் வரையச் சொன்னார். அது மரம் அரியும் வாளின் பல்லுப்போல வந்தது. பிறகு அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"என்ன வேலை செய்யிறீங்க?"

"கம்பஸ்ல, இரசாயன ஆய்வுகூடத்தில உதவியாளர்."

"அங்க பாதரசம் இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ட மேசைக்குக் கீழ ஒரு ஜாம் போத்தல் நிறையக் கிடக்கு டொக்டர்."

அவர் பேனையை வைத்துவிட்டார்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. யுத்த காலத்தில் ஒரு போத்தல் அமிலம் சோதனைச்சாவடிகளைத் தாண்டி எங்களிடம் வந்து சேருவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அதனால் எதையும் எறிய மாட்டோம். வெப்பமானி உடைந்தால் சிந்திய பாதரசத்தை மட்டையால் கூட்டிப் போத்தலில் ஊற்றுவோம். "கிடக்கட்டும், பிறகு கிடையாது" என்பது விரிவுரையாளர் முதல் நான்வரை எல்லோருடைய வாயிலும் இருந்த பேச்சு. கழிவை வெளியே அனுப்பவும் வழியில்லை. குண்டுக்கோ என்று சந்தேகப்படும் ஆமிக்காரனுக்கு முன்னால் லொறியில் அமிலம் ஏற்றிப்போக யார் துணிவார்? களஞ்சியம் நிரம்பியது. மிஞ்சியது என் காலடிக்கு வந்தது. அந்தப் போத்தலின் மூடி சரியாகப் பொருந்தாது. குளிரூட்டிய அறை என்பதால் ஜன்னலும் திறப்பதில்லை. பாதரசம் அறையின் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், மூச்சோடு போய் நரம்பில் தங்கும்.

கொழும்புக்கு அனுப்பிய சிறுநீர்ச் சோதனை அதை உறுதிப்படுத்தியது. கீலேஷன் (உடலில் தங்கிய உலோகத்தைப் பற்றிச் சிறுநீரோடு வெளியேற்றும் சிகிச்சை) தொடங்கலாம் என்றார் வைத்தியர்.

"அப்ப இந்த நடுக்கம் அவரால இல்லையா டொக்டர்?"

"கவலை உங்கடது. நடுக்கம் பாதரசத்தால வந்தது."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் என்று நான் பொத்திவைத்திருந்தது ஒரு ஜாம் போத்தலின் ஆவியா? சில நாள் அந்தச் சிகிச்சைக் குளிசையைப் போடாமல் தலையணைக்குக் கீழே ஒளித்தேன். அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"கையும் இல்லாமப் போனா உனக்குச் சோறு ஆர் தீத்துற?" என்று கத்தினாள், பிறகு அழுதாள். அவளுக்காகத்தான் விழுங்கினேன்.

பாதைகள் திறந்தபின் ஒருநாள் கழிவெல்லாம் இறுக மூடப்பட்டு, பெயர் ஒட்டி, மணல் நிரப்பிய பீப்பாய்களில் லொறி ஏறியது. வாசலில் நின்று பார்த்தேன். யாரையோ அனுப்பிவைப்பதுபோல லொறி மறையும்வரை உள்ளே போகவில்லை.

ஆய்வுகூடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கை நடுங்கினால் மனதைக் குற்றம் சொல்லுமுன் மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள்.

என் கை மெல்ல மெல்ல அடங்கியது. கை நடுங்கிய காலம்வரை அந்த ஞாயிறு நேற்றுப்போல இருந்தது. அடங்கியதும் அது ஒரேயடியாக வருடக்கணக்கில் தள்ளிப் போய்விட்டது.

இப்போது கோப்பை தட்டில் சத்தமில்லாமல் இருக்கிறது. அக்காவுக்கு நிம்மதி. நான் மட்டும் ஞாயிறு காலைகளில் தேநீர் ஆறும்வரை தட்டைப் பிடித்தபடி, அது ஒருமுறையாவது அடிக்காதா என்று காத்திருக்கிறேன்.