ஐம்பத்தொரு லீவு மனு

மலாக்காவில், காஜா பேராங்கில் நான் வாழ்க்கைப்பட்ட முதல் வருடம். போகியன்று மூதாதையர் படங்களுக்கு முன் வாழையிலை போட்டுப் படைப்பதை என் மாமியார் வீட்டில் பார்ச்சு என்பார்கள். அந்த நேரத்தில் புது மருமகள் வீட்டில் இல்லையென்றால் மாமியார் திட்டமாட்டார், பேசாமல் இருப்பார். அதுதான் எனக்குப் பயம். அந்தக் காலத்துத் தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிக் குடும்பம், பேச்சு மலாயில்தான்; என் தமிழ்ச் சாக்கு எதுவும் அங்கே செல்லாது.

ஆகவே லீவு வேண்டும். செங் வட்டாரத்தில் இருந்த எங்கள் மென்பொருள் ஆபீஸின் மேலாளர், கோயில் கூட்டத்தில் பண்பாட்டைக் காக்கச் சொல்லி மேசையைத் தட்டுகிறவர். ஆபீஸில் லீவு கேட்டால் சிஸ்டத்தில் போடு என்பார். அந்தச் சிஸ்டத்தை அவர் திறந்து பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. போட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

அந்த வாரம் ஹோட்டல் அறை பதிவு செய்யும் இணையதளம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பிரௌசருக்கும் இணையத்துக்கும் நடுவே, என் கணினியிலேயே புரோக்சி என்ற இடைத்தரகு மென்பொருளை உட்கார வைப்போம். நான் எதை அழுத்தினாலும் பிரௌசர் அனுப்பும் கோரிக்கை அதன் வழியாகத்தான் போகும். அது அப்படியே பதிந்துகொள்ளும். பிறகு ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வந்ததுபோல் அந்தப் பதிவை ஓட்டி, தளம் தாங்குகிறதா என்று பார்ப்போம். ஹோட்டல் முகவரியை மட்டும் பதிவு செய் என்று முதலிலேயே அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லவில்லை. புத்தி முழுக்கப் பார்ச்சு மேல்.

ஹோட்டல் பக்கம் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. அந்தச் சந்தில் அதே பிரௌசரில் லீவு மனுவையும் போட்டுவிட்டேன். என் அடையாளத்தோடு சேர்த்துப் புரோக்சி அதையும் பதிந்துகொண்டது. மத்தியானம் பதிவை ஓட்டினேன். ஹோட்டல் தளம் அருமையாகத் தாங்கியது.

மேலாளர் தாங்கவில்லை. நான் போட்ட மனு ஒன்று, பதிவு ஓடியதில் போன மனு ஐம்பது; ஒவ்வொன்றுக்கும் அவர் கைபேசி ஒரு தடவை அலறியிருக்கிறது. ரொட்டி சானாயைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

“ஏம்மா, ஒரு நாள் லீவுக்கு ஐம்பத்தொரு மனுவா? மொய் வைக்கிறியா?”

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“வாயால மூணு தடவ கேட்டேன், பாஸ். அப்ப உங்களுக்குக் காது கேக்கல.”

அவர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சிஸ்டத்தைத் திறந்தார். மொத்தமாக மறுக்க வழியில்லை, ஒவ்வொன்றாக மறுத்தார். ஒவ்வொரு மறுப்பும் என் திரையில் வந்து விழ, எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பது மறுப்புக்கு நடுவில் ஓர் அனுமதியும் வந்தது. கை தவறியதா, மனம் இளகியதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பிடுங்க அந்தச் சிஸ்டத்தில் பொத்தானே இல்லை. எங்கள் கம்பெனியே செய்தது, யாரும் சோதிக்கவில்லை.

போகியன்று என் கையால் இலை போட்டேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. லீவு கேட்டதும் கொடுத்தார்களா என்று மாமியார் மலாயில் கேட்டார். கொடுத்தார்கள் என்றேன். அப்படிப்பட்ட நல்ல மனிதருக்குப் படையல் சாப்பாடு அனுப்பாமல் இருக்கலாமா என்றார். மேலாளர் வீடு பக்கத்தில், புக்கிட் பாருவில்தான்.

அனுப்பினேன். ஒரே ஒரு தடவை.